வீட்டுக்காரர் ஜாஸ் வாசிக்கிறார்

வல்லம் என்று சொன்னதும் சங்கீதம் தெரிந்தவர்கள் முகம் மலர்ந்து, "ஓ, தஞ்சாவூர் வல்லமா?" என்பார்கள். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் அப்படி ஓர் ஊர் இருப்பது உண்மைதான். அந்தத் திசையில் பிறந்தவன் கையில் ஊதுகுழல் இருந்தால் கேட்பவர்கள் எழுந்து நிற்பார்கள். நான் இருப்பது செஞ்சி வல்லம். விழுப்புரம் மாவட்டம், செஞ்சி வட்டம், வல்லம் ஊராட்சி ஒன்றியம். இங்கே காவிரி கிடையாது. ஏரி, கிணறு, மல்லாட்டைக் கொல்லை, கொஞ்சம் தள்ளிப் போனால் கோட்டை. இதைச் சொல்லி முடித்ததும் எதிரே இருப்பவரின் முகம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். "பரவாயில்லை, சாக்ஸபோன்தானே" என்று எனக்கே ஆறுதல் சொல்வார்.

உத்தியோகக் காலம் முழுக்க நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினேன். பயிர்க்கடன், நகைக்கடன், உர மூட்டை, வட்டி, அபராத வட்டி. ஓய்வுபெற்ற அன்று ஒரு சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். இனிமேல் இவனுக்கு நேரமே பார்க்க வேண்டியதில்லை என்றான பிறகு கடிகாரம் கொடுப்பது எல்லாச் சங்கங்களிலும் உள்ள வழக்கம். எடைக்குப் போட எடுத்து வைத்திருந்த, பாதிக்கு மேல் எழுதாத ஒரு பேரேட்டையும் கேட்டு வாங்கி வந்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. கணக்கன் வீட்டில் கோடு போட்ட தாள் இருந்தால் ஏதோ ஒரு நாள் உதவும் என்ற பொது நம்பிக்கைதான்.

சாக்ஸபோன் ஆசை அதற்கு வெகு காலம் முந்தியது. 1994இல் பாலசந்தரின் 'டூயட்' வந்தது. திரையில் பிரபு ஊதினார். உண்மையில் ஊதியவர் கதிரி கோபால்நாத். பூசின உடம்புக்காரர் ஒருவர் பளபளவென்று ஒரு வாத்தியத்தை வயிற்றின் மேல் சாய்த்துக்கொண்டு ஊத, ஊரே கண்கலங்கியதைப் பார்த்தேன். வாத்தியம் சாய்க்கத் தோதான வயிறு என்னிடமும் இருந்தது. மற்றது பழகினால் வந்துவிடும் என்று தோன்றியது.

வாத்தியம் கிடைத்தது திண்டிவனத்தில். பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்து ஓய்ந்த ஒரு பெரியவர், மீரட்டில் செய்த ஆல்ட்டோ சாக்ஸபோன் ஒன்றைப் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தார். "கல்யாண ஊர்வலத்துல ஊதினதுங்க, தானா முன்னாடி நடக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார். வீட்டில் பிரித்ததும் என் மனைவி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "எங்க திருப்பினா தண்ணி வரும்?" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பொருளைப் பற்றி அவள் கேட்ட எந்தக் கேள்விக்கும் என்னிடம் சரியான பதில் இருந்ததில்லை.

அடால்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் 1846இல் காப்புரிமை பெற்ற கருவி இது. முதலில் காலூன்றியது ராணுவ பேண்டுகளில். வெட்டவெளியில் அணிவகுத்து நிற்கும் படைக்குக் கேட்பதற்கான சத்தத்தை நான் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் எழுப்பினேன். அதில் ஆகக் கீழே உள்ள சுரம் தாடையைத் தளர்த்தி, வயிற்றிலிருந்து காற்றைத் தள்ளினால்தான் வரும். என்னிடம் அது ஒரு விடியற்காலையில் வந்தது. எங்கள் தெருவுக்குப் பால் எடுக்க வரும் வண்டியின் ஹாரனும் ஏறக்குறைய அதே சுரம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தூக்கும் கேனுமாகப் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. மறுநாள் உண்மையான வண்டி வந்து ஹாரன் அடித்தபோது ஒருவரும் வெளியே வரவில்லை, அதற்குத்தான் திட்டினார்கள்.

இந்த நிலையில் மகன் உதவிக்கு வந்தான். அவனுக்குச் சென்னையில் கணினி வேலை, ஜாஸ் என்றால் உயிர். "அப்பா, சினிமாப் பாட்டை அப்படியே ஊதறதுல என்ன இருக்கு? இம்ப்ரொவைஸ் பண்ணுங்க" என்று சொல்லி ஒரு தடித்த புத்தகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எழுதி வைக்காததை அந்த நேரத்தில் கற்பனையாக வாசிப்பது. நம்மூரில் மனோதர்மம் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர்கள் உண்டு.

புத்தகம் சொன்னது இதுதான். பாட்டின் அடியில் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள், வரிசையாகப் போகின்றன. ஒவ்வொரு கார்டுக்கும் பொருத்தமாக ஒரு ஸ்கேல், அதாவது ஆரோகண அவரோகணம் போல ஒரு சுர வரிசை உண்டு. டி மைனர் ஏழாம் கார்டு வந்தால் டோரியன். ஜி ஏழாம் கார்டு வந்தால் மிக்ஸலிடியன். ஸி மேஜர் வந்தால் அயோனியன். கார்டு மாறும்போது ஸ்கேலை மாற்ற வேண்டும். பன்னிரண்டு சுதியிலும் இவ்வளவையும் விரலில் ஏற்றிக்கொண்டவன் ஜாஸ் வாசிக்கத் தயார்.

எனக்கு மெய்சிலிர்த்தது. இவ்வளவு நாள் கலை, கற்பனை என்று பயமுறுத்தியதெல்லாம் கடைசியில் அட்டவணையா! பேரேட்டைத் தேடி எடுத்தேன். இடப் பக்கம் கார்டு, வலப் பக்கம் ஸ்கேல், சிவப்பு மையில் தவிர்க்க வேண்டிய சுரம். பன்னிரண்டு சுதிக்கும் தனித்தனிப் பக்கம், முகப்பில் அகர வரிசைக் குறிப்பு. தணிக்கைக்கு வரும் அதிகாரி பார்த்தால் கையெழுத்துப் போடாமல் போகமாட்டார். எழுதி முடித்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. டி டோரியன், ஜி மிக்ஸலிடியன், ஸி அயோனியன் மூன்றிலும் இருப்பது அதே ஏழு வெள்ளைக் கட்டைகள். தொடங்கும் இடம்தான் வேறு. சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்தால் கரகரப்பிரியா, காந்தாரத்தை வைத்தால் தோடி, மத்திமத்தை வைத்தால் கல்யாணி, பஞ்சமத்தை வைத்தால் ஹரிகாம்போதி என்று நம்மவர்கள் கிரகபேதத்தில் செய்வதும் இதுதான். ஒரே கணக்கை மூன்று தலைப்பில் எழுதியிருக்கிறேன். சங்கத்தில் இப்படி எழுதியிருந்தால் எனக்கு ஓய்வூதியம் வந்திருக்காது.

ஆனாலும் விடவில்லை. காலையில் டோரியன், மாலையில் மிக்ஸலிடியன். ஏறினேன், இறங்கினேன், ஒன்றுவிட்டு ஒன்று தாண்டி ஏறினேன். கைபேசியில் தாளத்தை மட்டும் ஓடவிட்டு, கார்டு மாறும் இடத்தில் சரியாக ஸ்கேல் மாற்றினேன். ஒரு சுரம்கூடத் தப்பு இல்லை. தப்பே இல்லாத ஒரு வாசிப்பு இத்தனை அலுப்பாக இருக்க முடியும் என்பதற்கு எங்கள் தெருவே சாட்சி. என் மனைவிக்குச் சங்கீதம் தெரியாது; ஆனால் காது உண்டு. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"ஏங்க, ராஜகிரிக் கோட்டைப் படியில ஏர்றா மாதிரி ஏர்றீங்க, அப்புறம் எறங்கறீங்க. மறுபடி ஏர்றீங்க. மேல போயி எதனா பாத்தீங்களா இல்லியா?"

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி சுமார் 800 அடி உயரம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதில் ஏறி இறங்கியவர்களுக்கு இந்தக் கேள்வியின் வலி புரியும். நான் பதில் சொல்லாமல் பேரேட்டைப் புரட்டினேன்.

அந்தக் கேள்விக்கான பதில் எங்கள் பக்கத்திலேயே, ஒவ்வொரு வருஷமும் தெருவில் விடிய விடிய வாசிக்கப்படுகிறது என்பது அப்போது என் தலையில் ஏறவில்லை. செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் கோயில்களுக்கும் கூத்துக்கும் பேர்போனது. மேலச்சேரித் திரௌபதி அம்மன் கோயிலைத்தான் மற்றக் கோயில்களுக்கெல்லாம் மூலம் என்று சொல்வார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இங்கே வந்து தங்கி ஆராய்ந்து, 1988இல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே செஞ்சியையும் குருக்ஷேத்திரத்தையும் சேர்த்துப் போட்டார். உலகத்துப் பல்கலைக்கழகங்கள் படித்த விஷயத்தை நான் பாயை விரித்துத் தூங்கிக்கொண்டே பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் பாரதம் வைத்தபோது தூங்கவில்லை. முகவீணைக்காரருக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். முகவீணை நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி. சாண் அளவைவிடக் கொஞ்சம் நீளம், சத்தம் மட்டும் அண்ணனுக்குச் சளைத்ததல்ல. ஆர்மோனியமும் மத்தளமும் தாளமும் நடுவில் முழங்க, வேஷக்காரர் திரைக்குப் பின்னால் விருத்தம் எடுப்பார். ஓர் அடி முடிந்து அவர் மூச்சு வாங்கும்போது முகவீணை அதே அடியை எடுத்துக்கொள்ளும். அப்படியே திருப்பிச் சொல்லாது. கடைசிச் சொல்லை இழுக்கும், முதல் சொல்லை விழுங்கும், நடுவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேஷக்காரர் விட்ட இடத்தில் கொண்டுவந்து வைக்கும். அடுத்த அடிக்கு அவர் அங்கிருந்து கிளம்புவார். அர்ச்சுனன் தபசு மரத்தில் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே பாடும்போது கீழேயிருந்து முகவீணை விடாமல் கூடவே ஏறியது. அன்றைக்கு எனக்கு முன்னால் ஒருவர் எழுதாத இசையை விடிய விடிய வாசித்தார். என் கைபேசியில் ஜாஸ் புத்தகம் இருந்தது, சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது.

விடிந்து, வேஷம் கலைத்து, டீ குடிக்கும்போது மெல்லக் கேட்டேன். "வாத்தியாரே, கார்டு மாறும்போது நீங்க என்ன ஸ்கேல் யோசிப்பீங்க?"

அவர் டீயை ஆற்றினார். "எனக்கு மோகனம் தெரியும், முகாரி தெரியும், நாட்டை தெரியுங்க. ஆனா வாசிக்கறப்ப அதெல்லாம் நெனைக்கறதில்ல. அவரு இன்னா பாடினாரு, அதுல எந்த வார்த்தைக்கு அழுதாரு, அதான் நெனப்பு. பதினெட்டாம் போருல துரியோதனன் கதறுறான். நான் அங்க குந்திக்கினு சரிகமபதநி ஊதினா ஜனம் இன்னா நெனைக்கும்? துரியோதனனுக்குப் பாட்டு வாத்தியாரு வந்துட்டாருன்னு நெனைக்கும்."

கணக்கன் ஒருவனின் பல மாத உழைப்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் தள்ளுபடி செய்ததில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தால், நம் சங்கீதம் முழுக்க அவர் பக்கம்தான் பேசுகிறது. வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் 72 மேளத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அட்டவணை என்று பார்த்தால் அதைவிட அழகான அட்டவணை உலகத்தில் இல்லை. என் பேரேட்டை அதன் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஆனால் மேளத்தைத் தெரிந்துகொண்டவனுக்கு ராகம் தெரிந்துவிடாது. ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது ஸ ரி ம ப த ஸ, இறங்கும்போது ஸ நி த ப ம க ரி ஸ. பாடப்புத்தகத்தில் இரண்டுக்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே வரிசை. பாடிக் கேட்டால் ஒன்று துடுக்காக, நேராக நடந்து போகும். இன்னொன்று நின்று நின்று, குழைந்து, நீட்டிப் பேசும். சபையில் உட்கார்ந்திருக்கும் மாமிகள் இரண்டே சொல்லில் எது எதென்று கண்டுபிடித்துவிடுவார்கள். பேரேட்டை வைத்துக்கொண்டு என்னால் முடியாது, ஏனென்றால் பேரேட்டில் இரண்டும் ஒரே பதிவு. எங்கே நிற்க வேண்டும், எதை அசைக்க வேண்டும், எந்தச் சுரத்துக்குப் பிறகு எது வந்தால் ராகத்தின் முகம் தெரியும் என்பதைப் பாட்டுதான் சொல்லிக் கொடுக்கிறது. சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில் ஆரோகண அவரோகணத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், கிருதிகளையும் சஞ்சாரிகளையும் பக்கம் பக்கமாகக் கொடுத்ததற்குக் காரணம் அதுதான் என்பது என் கட்சி.

நிரவல் இருக்கிறதே, அது இன்னும் தெளிவு. சரணத்தில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, சொற்கள் தாளத்தில் தங்கள் இடத்தைவிட்டு நகராமல், மெட்டை மட்டும் திரும்பத் திரும்பப் புதிதாகக் கட்டிக்கொண்டு போவது. கற்பனைக்குக் கடிவாளம் அந்த வரிதான். கார்டு இல்லை, டோரியன் இல்லை. பாடகர் எவ்வளவு தூரம் போனாலும் கேட்பவர் மனத்தில் அந்த வரி ஓடிக்கொண்டே இருக்கும்.

இதை மகனிடம் தொலைபேசியில் சொன்னேன். "அப்பா, அது கர்நாடக சங்கீதம். ஜாஸ் வேற" என்றான். படித்த பிள்ளைகள் வேற என்று சொன்னால் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டு, அவனுக்குத் தெரியாமல் ஜாஸ்காரர்களைக் கேட்க ஆரம்பித்தேன்.

கேட்டால் அங்கேயும் அதே கதை. லெஸ்டர் யங் என்று ஒரு சாக்ஸபோன் மேதை. பாட்டின் வார்த்தை தெரியாமல் அதை வாசிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. டெக்ஸ்டர் கார்டன் மெதுவான காதல் பாட்டு வாசிக்கும் முன் அதன் வரிகளை மைக்கில் வசனம் போலச் சொல்லிவிட்டுத்தான் வாத்தியத்தை வாயில் வைப்பார். தெலோனியஸ் மங்க் பியானோவில் செய்த கற்பனையெல்லாம் பாட்டின் மெட்டை உடைத்து, திருப்பி, கோணலாக ஒட்டியது. அவரிடம் வாசித்த ஸ்டீவ் லேசி 1960இல் அவருடைய அறிவுரைகளைக் குறித்து வைத்தார். கண்டபடி சுரங்களைக் கொட்டாதே, மெட்டை வாசி என்பது அதில் ஒன்று. சானி ராலின்ஸ் 1956இல் பதிவுசெய்த 'ப்ளூ செவன்' வாசிப்பில் சின்னஞ்சிறு மெட்டுத்துண்டு ஒன்றிலிருந்து எப்படி முழு வாசிப்பையும் வளர்த்தார் என்று விமர்சகர் கந்தர் ஷுல்லர் 1958இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

எதிர்க்கட்சியும் உண்டு. கோல்மன் ஹாக்கின்ஸ் 1939இல் 'பாடி அண்ட் ஸோல்' பாட்டைப் பதிவுசெய்தபோது, தொடக்கத்தில் மெட்டை லேசாகத் தொட்டுவிட்டு, மீதி முழுக்கக் கார்டுகளைப் பிடித்துக்கொண்டே போனார். மெட்டு வேண்டாம் என்பவர்கள் இதைத்தான் எடுத்து வீசுவார்கள். ஆனால் என்ன ஆயிற்று? எட்டி ஜெஃபர்சன் என்ற பாடகர் பின்னால் ஹாக்கின்ஸின் அந்த வாசிப்புக்கே வார்த்தை கட்டிப் பாடினார். கார்டைப் பிடித்துக்கொண்டு போன மனிதர் வழியில் இன்னொரு பாட்டைக் கட்டிவிட்டார் என்றுதானே பொருள்? என் டோரியனுக்கு வார்த்தை கட்ட இதுவரை யாரும் முன்வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் கட்டியிருப்பார், அச்சில் ஏற்ற முடியாது.

நம் கதிரி கோபால்நாத்தைப் பாருங்கள். அப்பா தணியப்பா நாதஸ்வரக்காரர். பிள்ளைக்கு முதல் பாடம் நாதஸ்வரம். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கண்டு மயங்கி, அதில் கர்நாடக சங்கீதத்தைக் கொண்டுவரத் துணிந்தார். சாவி வைத்து அடைக்கும் வாத்தியத்தில் கமகம் வரவழைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. இருபது ஆண்டு வரை பிடித்தது என்பார்கள். 1980இல் பம்பாய் ஜாஸ் யாத்ராவில் அமெரிக்க சாக்ஸபோன்காரர் ஜான் ஹேண்டியோடு சேர்ந்து வாசித்தார். ஜாஸ் பள்ளி எதிலும் படிக்காத மனிதர் ஜாஸ்காரரோடு நின்று வாசிக்க முடிந்தது எப்படி? அவர் கையில் இருந்தது ராகத்தின் பிடிகள், பாட்டுகள். 'டூயட்' படத்துக்காக ரஹ்மானிடம் ஒவ்வொரு ராகமாக வாசித்துக் காட்டி, எதுவும் பிடிக்காமல், கடைசியில் கல்யாண வசந்தத்தில்தான் அவர் முகம் மலர்ந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வெறும் சுர வரிசையாக எழுதிக் காட்டியிருந்தால் ரஹ்மானும் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்திருப்பார்.

ஆக, நான் கட்சி மாறினேன். பேரேட்டை மூடி, வார்த்தை முழுக்க மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பழைய இளையராஜா பாட்டை எடுத்தேன். முதலில் மெட்டை உள்ளபடி வாசித்தேன். பிறகு சொல் விழும் இடத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். பிறகு நீட்டுகிற இடத்தில் மட்டும் பக்கத்துச் சுரத்தைத் தொட்டுவிட்டு வந்தேன். பிறகு ஒரு வரியை விட்டுவிட்டு, அதற்குப் பதில் சொல்வதுபோல் நானாக ஒன்றைச் சேர்த்தேன். அவ்வளவுதான். கற்பனை என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. எங்கள் வீட்டில் அதுவே கைதட்டல்.

உற்சாகத்தில் டெக்ஸ்டர் கார்டன் பாணியையும் கைக்கொண்டேன். ஒரு மாலை, கண்ணை மூடி, காதல் பாட்டின் வரிகளை உருக்கமாகச் சொல்லிவிட்டு வாத்தியத்தை எடுக்கக் கண்ணைத் திறந்தால் மனைவி எதிரே கரண்டியோடு நிற்கிறாள். "இன்னா வேணும் இப்ப? காப்பியா?" என்றாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அப்படிப்பட்ட வாசகங்களை நான் அவளிடம் காரணமில்லாமல் சொன்னதில்லை என்பதால் அவள் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து வரிகளை மனத்துக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன். லெஸ்டர் யங் பாணி, குடும்பஸ்தர்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

மைத்துனரின் அறுபதாம் கல்யாணம் செஞ்சியில் ஒரு மண்டபத்தில். மெல்லிசைக் குழுவின் கீபோர்டு பையனிடம் என்னைத் தள்ளிவிட்டார்கள். "அங்கிள், என்ன ஸ்கேல்?" என்றான். "ஸி" என்றேன், கம்பீரமாக. அவன் ஸியில் ஆரம்பித்தான். நானும் ஸியில் ஆரம்பித்தேன். மண்டபத்தில் இரண்டு கல்யாணம் ஒரே நேரத்தில் நடப்பதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. ஆல்ட்டோ சாக்ஸபோனில் ஸி என்று வாசித்தால் வெளியே வருவது கீபோர்டின் இ ஃப்ளாட். அந்தக் குழல் செய்யப்பட்டதே அந்தச் சுதியில். கீபோர்டு ஸிக்கு நான் ஏ வாசித்திருக்க வேண்டும். இது புத்தகத்தின் முன்னுரையில் இருந்தது. கணக்கர்கள் முன்னுரை படிப்பதில்லை, நேராக அட்டவணைக்குப் போய்விடுவோம்.

பேரேட்டில் பன்னிரண்டு சுதிக்கும் எழுதிய பக்கங்கள் ஒன்றும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. பாட்டு மட்டும் ஞாபகம் இருந்தது. நான் நிறுத்தாமல் மெட்டைத் தொடர்ந்தேன். பையன் கெட்டிக்காரன், ஒரு வரி கேட்டான், ஒரு பொத்தானை அழுத்தினான், என் சுதிக்கு வந்து சேர்ந்துகொண்டான். நான் வாசித்தது பாட்டாக இருந்ததால் அவனால் வந்து சேர முடிந்தது. டோரியன் வாசித்திருந்தால் என்னை எங்கே தேடியிருப்பான்? இரண்டாவது சரணத்தில் நான் மெட்டைவிட்டுக் கொஞ்சம் வெளியே போய் வந்ததைக்கூட அவன் புன்னகையோடு அனுமதித்தான். மைத்துனர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹோமப் புகை என்று என் மனைவி சொல்கிறாள்.

இவ்வளவும் சொன்னதால் ஸ்கேலே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் மகனிடம் கோள்மூட்ட வேண்டாம். விரல் ஓடாதவன் மனத்தில் எந்த மெட்டு இருந்து என்ன பயன்? சாக்ஸபோன்காரர் ஜான் கால்ட்ரேனின் 'ஜெயண்ட் ஸ்டெப்ஸ்' மாதிரி கார்டுகள் கண்மூடித் திறப்பதற்குள் மாறுகிற பாட்டில், மெட்டை மட்டும் நம்பி இறங்குகிறவனை யாராலும் காப்பாற்ற முடியாது. நம் சங்கீதத்திலும் சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் ஏற்றி இறக்கித்தான் குழந்தையைத் தொடங்குகிறார்கள். ஆனால் அங்கேயே குடியிருக்க விடமாட்டார்கள். ஜண்டை, அலங்காரம் முடிந்ததும் கீதத்துக்குத் தள்ளிவிடுவார்கள், அப்புறம் வர்ணம். ராகம் எப்படிப் பேசும் என்பதை வர்ணத்தில்தான் பிள்ளை முதலில் முழுசாகக் கேட்கிறது. கற்பனை சுரம் அதற்குப் பிறகு. ஜாஸ் படிக்கிற நம் பிள்ளைகள் பலர் அலங்காரத்திலிருந்து நேரே கற்பனை சுரத்துக்குத் தாவுகிறார்கள். நடுவில் உள்ள கீதமும் வர்ணமும், அதாவது நூறு பாட்டு, அவர்களிடம் இல்லை. புத்தகத்தின் மேல் குற்றமில்லை. அது ஓர் அகராதி. அதை முதல் பக்கத்திலிருந்து உரக்க வாசித்துவிட்டுப் பேசத் தெரியும் என்று நினைத்தது வாசித்தவர்தான். இந்த இடத்தில் எதிர்வீட்டுக்காரர் பலமாகத் தலையாட்டுகிறார்.

முகவீணை வாத்தியார் ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தார். சாக்ஸபோனைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இவ்ளோ சாவி எதுக்குங்க?" என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாலு பாட்டுக்கு இதுல எத்தினி தேவப்படும்?" என்றார். என் மனைவி அன்றைக்கு அவருக்கு இரண்டாவது தடவை காப்பி கொடுத்தாள்.

இதைப் படிக்கும் குடும்பத் தலைவர்களில் யாருக்காவது ஓய்வுபெற்ற பிறகு சாக்ஸபோன் ஆசை வந்தால், மூன்று காரியம் செய்யுங்கள். இரண்டு அல்லது இரண்டரை எண் ரீடு வாங்குங்கள். கடினமான ரீடு வாங்கினால் கன்னம் வலிக்கும். காலையில் ஸ்கேலை ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டு, காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுங்கள். பிறகு ஜன்னலைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வார்த்தை தெரிந்த ஒரு பாட்டை எடுத்து, அதை விட்டு விலகாமல் கொஞ்சம் விலகிப் பாருங்கள். அட்டவணை வேண்டும் என்பவர்கள் வல்லம் வந்தால் என் பேரேட்டை இலவசமாகவே எடுத்துப் போகலாம். அதிலுள்ள எல்லா சுதியும் ஆல்ட்டோவுக்குத் தப்பு. கீபோர்டுக்குச் சரியாக இருக்கும்.